அரைப்பேர்: பல்வங்கர் பாலூவின் ஆட்டவாழ்வு பற்றிய ஒரு திறனாய்வு

விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு கூற்றை முன்வைப்பர். ஆடுகளத்திலே சாதி இல்லை, இனம் இல்லை, செல்வர் வறியர் என்ற வேறுபாடும் இல்லை. திறமை ஒன்றே அங்கு அளவுகோல் என்பதே அக்கூற்று. பரிசளிப்பு விழா மேடைகளிலும் பாடசாலை மலர்களின் வாழ்த்துச் செய்திகளிலும் இது மீண்டும் மீண்டும் ஒலிப்பதைக் கேட்கலாம். செவிக்கு இனிமையான இக்கூற்று எந்த அளவுக்கு உண்மையானது என்பதை ஆராய்வதற்கு, இந்தியத் துணைக்கண்டத்தின் முதற் பெரும் பந்துவீச்சாளர் எனப் போற்றத்தக்க பல்வங்கர் பாலூவின் ஆட்டவாழ்வு தக்கதோர் உரைகல்லாக அமைகின்றது. அவ்வாழ்வையும், அதற்கு வரலாற்றெழுத்துத் தந்த விளக்கத்தையும் ஒருசேர நோக்கி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூனாவிலும் பம்பாயிலும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ஆடிய ஒருவரைப் பற்றி இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் சூழலில் பேசுவானேன் என்ற வினா எழலாம். பாலூ ஆட்டக்காரராக மைதானத்துள் நுழைந்தவரல்லர்; மைதானத்தைக் கூட்டி உருளை இழுத்த கூலியாக நுழைந்தவர். சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழ்ந்த ஐரோப்பியத் துரைமாரும், ஏனைய மலைப்பகுதித் துரைமாரைப் போலவே, தம் கழகங்களில் ரெனிஸும் கிரிக்கெற்றும் றக்பியும் ஆடினர். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்யாமல் அங்கே ஒரு மைதானமும் தோன்றியிருக்க முடியாது. மலைச்சரிவை வெட்டும் வேலை எவருடைய கைகளுக்கு உரியதாக இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆடியவர்களின் பெயர்கள் கழகங்களின் சுவர்ப்பலகைகளில் பொன்னெழுத்தில் நின்றன. நிலத்தைச் செப்பனிட்டவர்களின் பெயர்கள் அன்றாடப் பேர்ப் பதிவோடு மறைந்தன. ஆகவே, அத்தகைய கூலிகளுள் ஒருவர் உருளையை விட்டுப் பந்தை எடுத்தபோது என்ன நிகழ்ந்தது என்பது இம்மண்ணின் மக்களுக்கும் உரிய வினாவேயாகும்.

கனவானும் கூலியும்

கிரிக்கெற் ஆட்டத்தில் 'தொழில்முறை ஆட்டக்காரர்' என்ற சொல் இன்று பெருமைக்குரியது. கோடிக்கணக்கில் ஊதியம் பெறுபவரை அது நினைவூட்டுகின்றது. ஆனால் அச்சொல் பிறந்த இங்கிலாந்தில் அது தாழ்வையே குறித்தது. பொருளுக்காக ஆடாத மேட்டுக்குடியினர் 'கனவான்கள்' எனவும், கூலிக்கு ஆடியவர் வெறுமனே 'ஆட்டக்காரர்' எனவும் பிரிக்கப்பட்டனர். 1806இல் தொடங்கி 1962 வரை இவ்விரு பிரிவினரும் தமக்குள் மோதும் போட்டி நடைபெற்று வந்தது. உடைமாற்றும் அறை வேறு. மைதானத்துள் இறங்கும் வாயில் வேறு. ஆட்டவிவரத் தாளில் பெயர் அச்சிடப்படும் முறைகூட வேறு.

இப்பிரிவினையில் இரண்டு கூறுகள் நமது கவனத்துக்குரியன. ஒன்று, துடுப்பெடுத்து ஆடுதல் கனவானின் கலையாகவும், வெயிலில் நின்று நாள் முழுவதும் பந்துவீசுதல் பெரிதும் கூலியின் உழைப்பாகவும் கருதப்பட்டன. மற்றையது, தலைமை எப்பொழுதும் கனவானுக்கே உரியதாக வைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அணிக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் தலைமை தாங்குவதற்கு 1952ஆம் ஆண்டு வரை, லென் ஹட்டன் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. உழைப்பு ஒருவரிடமும் ஆணை மற்றொருவரிடமும் இருக்கவேண்டும் என்பதே இதன் உட்கிடை. தோட்ட நிருவாக முறையை அறிந்தவர்க்கு இது புதிய செய்தியன்று.

குடியேற்ற நாடுகளுக்கு இவ்வாட்டம் வந்தபோது அங்கிருந்த சாதியமைப்போடு இப்பிரிவினை பின்னிக்கொண்டது. பாலூவின் வாழ்வு இவ்விரண்டு சுவர்களையும் ஒருங்கே எதிர்கொண்ட வாழ்வாகும்.

பூனாவின் மைதானத்தில்

பாலூ 1870களின் நடுப்பகுதியில் தார்வாரில் பிறந்தவர். தோற்றொழில் செய்வோராகக் கருதப்பட்டுத் தீண்டாமைக்கு ஆளான சாதியைச் சேர்ந்தது அவர் குடும்பம். கொங்கணக் கரையிலுள்ள பல்வன் என்னும் ஊர்ப்பெயரே குடும்பப் பெயராயிற்று. பூனாவில் பார்சிகள் நடத்திய கழகமொன்றில் ஆடுதளத்தைக் கூட்டி உருட்டும் வேலை அவருக்கு முதலிற் கிடைத்தது. மாதச் சம்பளம் 3 ரூபா. 1892இல் ஐரோப்பியர்களின் பூனா கழகத்துக்கு மாறியபோது சம்பளம் 4 ரூபாவாக உயர்ந்தது. ஆடுதளத்தைச் செப்பனிடுதல், வலை கட்டுதல், ரெனிஸ் தளத்துக்குக் கோடிடுதல் ஆகியன அவர் கடமைகள். ஓய்ந்த வேளைகளில் பயிற்சி வலையில் வெள்ளையர்களுக்குப் பந்து வீசவும் பணிக்கப்பட்டார்.

அவருடைய இடக்கை மெதுபந்து வீச்சு உருவானது இவ்வாறுதான். அக்காலத்தின் சிறந்த துடுப்பாட்டக்காரர்களுள் ஒருவரான ஜே. ஜி. கிறெய்க் என்னும் படையதிகாரி பிறருக்கு முன்னரே வந்து பாலூவின் பந்துகளை எதிர்கொண்டு பயின்றார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்றொரு கதையும் வழங்குகின்றது. கதையின் உண்மை எவ்வாறாயினும், அதன் உட்பொருள் தெளிவானது. கூலியின் திறமைக்கும் ஒரு 'கைக்காசு' உண்டு. ஆனால் அத்திறமையின் பயன் துரையின் துடுப்பாட்டத்துக்கே சேரும். பாலூ அங்கு எண்ணற்ற மணிநேரம் பந்துவீசியும், ஒருநாளேனும் துடுப்பைக் கையிலெடுக்க அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. கொழுந்தின் தரத்தைக் கைவிரலால் அறிந்தவர்க்கு அத்தேயிலையின் முதற்றரக் கோப்பை கிட்டாததைப் போன்றதே இந்நிலை.

பந்தும் கோப்பையும்

பூனாவின் இந்துக் கழகத்தினர் ஐரோப்பியரை வெல்ல விரும்பினர். வெல்வதற்கு வேண்டிய பந்துவீச்சாளர் தீண்டத்தகாதவராக இருந்தார். இம்முரண்பாடு கழகத்துள் விவாதத்தை எழுப்பியது. தெலுங்கு உறுப்பினர் சிலர் பாலூவைச் சேர்க்க விரும்ப, பிராமண உறுப்பினர் எதிர்த்தனர். அவரைச் சேர்க்காமல் விடுவது மடைமை என்ற கருத்தைக் கிறெய்க் வெளியிட்ட பின்னரே விவாதம் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

சேர்த்துக்கொண்ட முறையே நமது ஆய்வுக்கு மையமானது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தையே பிராமண ஆட்டக்காரரும் தொட்டனர். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மண்டபத்துக்கு வெளியே, பயன்படுத்தியபின் எறிந்துவிடும் மண்கோப்பையில் தேநீர் தரப்பட்டது. ஏனையோர் உள்ளே பீங்கானில் அருந்தினர். உணவும் தனியிடத்திலேயே. பந்தில் தீட்டு இல்லை. கோப்பையில் தீட்டு உண்டு. இதனை மூடநம்பிக்கையின் ஒழுங்கீனம் என்று கூறி ஒதுக்கிவிட முடியாது. இதற்குள் கறாரான ஓர் ஒழுங்கு இருக்கின்றது. உழைப்பு பயன்படும் எல்லைவரை தீட்டு தளர்த்தப்படும். மனிதன் சமமாக அமரவேண்டிய இடத்தில் அது மீண்டும் இறுகும். வயலிலும் தோட்டத்திலும் தாழ்த்தப்பட்டோர் விளைவித்த பொருளை உண்டவர்கள் அவர்தம் கையால் நீர் அருந்த மறுத்ததும் இதே ஒழுங்கின்படியேயாம்.

இவ்விடத்து ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தலாகாது. மண்கோப்பை பூனாவுக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தோர் தம் சாதியையும் உடன்கொண்டே வந்தனர். எந்த லயத்தில் எவர் குடியிருப்பது, கோயில் திருவிழாவில் எவருக்கு எந்த முறை என்பவற்றில் சாதி நெடுங்காலம் தீர்ப்பளித்தது. துரையின் பங்களாவாசலில் அனைவரும் கூலியாகவே நின்றபோதும், லயத்து வாசலில் ஒருவருக்கொருவர் சமமாக நிற்கவில்லை. பாலூவுக்கு இழைக்கப்பட்டதை வாசித்து வருந்துவோர் இதனையும் எண்ணிப்பார்த்தல் கடனாகும்.

பின்னர் பாலூ பம்பாய்க்குப் பெயர்ந்து, பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். பம்பாய், பரோடா, மத்திய இந்திய இரயில்வேயில் வேலையும் பெற்றார். 1906 பெப்ரவரியில் பம்பாய் மாகாண ஐரோப்பியரை இந்துக்கள் 109 ஓட்டங்களால் வென்றபோது எட்டு விக்கெற்றுகளை வீழ்த்தியவர் அவரே. 1911இல் பட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங்கின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. பதினான்கு முதற்றர ஆட்டங்களில் அவ்வணி இரண்டில் மட்டுமே வென்றது. அத்தோல்விகளுக்கு நடுவே பாலூ எல்லா ஆட்டங்களிலுமாக 114 விக்கெற்றுகளை, விக்கெற் ஒன்றுக்கு 18.84 ஓட்டங்கள் என்ற சராசரியில் வீழ்த்தினார்.

அவருடைய முழுக் கணக்கு 33 முதற்றர ஆட்டங்கள், 179 விக்கெற்றுகள், சராசரி 15.21 எனப் பதிவாகியுள்ளது. சிறந்த கணக்குத்தான். எனினும் இக்கணக்கு தொடங்குவது 1905-06 பருவத்திலாகும். அப்பொழுது பாலூவுக்கு முப்பது வயது அளவில் இருக்கும். பூனாவின் வலையிலும், ஐரோப்பியக் கழகங்களுக்கு எதிராகவும் அவர் இளமைக் கையால் வீசிய பந்துகளில் ஒன்றேனும் இதிற் சேரவில்லை. புள்ளிவிவரம் நடுநிலையானது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் எதனை எண்ணுவது, எதனை எண்ணாது விடுவது என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் ஒருபோதும் நடுநிலையாக இருந்ததில்லை.

மறுக்கப்பட்ட தலைமை

தோட்டத்திலே 'அரைப்பேர்' என்றொரு வழக்குண்டு. காலைப் பெரட்டுக்குச் சென்று நாள் முழுவதும் மலையில் நின்றும், விதித்த இறாத்தல் கொழுந்து நிறையாவிட்டால் அன்றைக்கு அரைநாட் சம்பளமே பதியப்படும். பாலூவின் நிலை இதனினும் கொடியது. விதித்த அளவுக்கு மேலேயே அவர் கூடை நிறைந்திருந்தது. இருந்தும் அவருக்குப் பதியப்பட்டது அரைப்பேரே. அப்பதிவின் பெயர் தலைமை மறுப்பு.

1910ஆம் ஆண்டையொட்டியே இந்து அணியின் தலைமை பாலூவுக்கு வழங்கப்படவேண்டும் என்ற குரல் எழுந்தது. அனுபவத்திலும் ஆற்றலிலும் அவருக்கு நிகரானோர் அணியில் இல்லை. ஆயினும் தலைமை எம். டி. பாயி போன்ற உயர்சாதியினரிடமே சென்றது. அத்தகைமை பாலூவுக்கே உரியது என்று பாயி தாமே பின்னர் வெளிப்படையாகக் கூறியது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகின்றது. ஆனால் ஒருவரின் பெருந்தன்மை அமைப்பின் அநீதியை ஈடுசெய்யாது.

1920இல் நெருக்கடி முற்றியது. பாயி நோயுற்றிருந்தார். பாலூவின் தம்பியரான சிவராமும் விட்டலும் அணியில் இருந்தனர். பாலூ அணியிலிருந்தே நீக்கப்பட்டிருந்தார். விட்டல் முன்னணித் துடுப்பாட்டக்காரராக இருந்தும், தலைமை பூனாவைச் சேர்ந்த பிராமணரான டி. பி. தேவதருக்கு அளிக்கப்பட்டது. தேவதர் சிறந்த துடுப்பாட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. குறை அவருடையதன்று, தெரிந்தவர்களுடையது. சிவராமும் விட்டலும் காரணத்தை எழுத்தில் விளக்கி, அதனைப் பத்திரிகைகளில் வெளியிட்டு, அணியிலிருந்து விலகினர். பொதுமக்கள் கருத்து அவர்கள் பக்கம் திரும்பியது. முடிவில் பாயி நோய்நீங்கித் தலைமைக்கு மீண்டார், பாலூ மீண்டும் அழைக்கப்பட்டுத் துணைத்தலைவராக்கப்பட்டார், தம்பியரும் திரும்பினர். 1923இல் விட்டல் தலைவரானார். அவ்வாண்டு நாற்பிரிவுப் போட்டியில் இந்துக்கள் ஐரோப்பியரை வென்றனர்.

இந்நிகழ்ச்சித் தொடரைப் பொதுவாகத் திறமைக்குக் காலந்தாழ்த்திக் கிடைத்த வெற்றி என்பர். இவ்விளக்கம் ஏற்புடையதன்று. திறமை 1906இலேயே நிறுவப்பட்டுவிட்டது. 1911இல் கடல்கடந்தும் நிறுவப்பட்டது. அதனால் தலைமை கிடைக்கவில்லை. 1920இல் புதிதாக நிகழ்ந்தது ஒன்றே: உழைப்பைத் தர மறுத்தனர். ஏறத்தாழ இருபதாண்டுத் திறமை சாதிக்காததை ஒரு விலகல் சில நாட்களிற் சாதித்தது. இதனை அதன் உண்மைப் பெயரால் அழைப்பதாயின் வேலைநிறுத்தம் என்றே அழைத்தல் வேண்டும். 1946இல் கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டத்திலிருந்து தொழிலாளர் வெளியேற்றப்பட முனைந்தபோது, அவர்கள் வெளியேற மறுத்ததும், அவர்களுக்கு ஆதரவாகச் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் இதே தர்க்கத்தின் பாற்பட்டனவாம். நல்ல உழைப்பாளி என்ற பெயர் ஒருவருக்குக் குடியிருக்கும் உரிமையைத் தருவதில்லை. உழைப்பு ஒன்றுதிரண்டு நிறுத்தப்படும்போதே அவ்வுரிமை பேச்சுக்கு வருகின்றது.

வரலாற்றெழுத்தும் அதன் எல்லையும்

நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த பாலூவைப் பொதுவாசகர் முன் மீட்டுக் கொணர்ந்தவர் இராமச்சந்திர குகா. 2002இல் வெளிவந்த அவருடைய இந்தியக் கிரிக்கெற் வரலாற்று நூல், பழைய பத்திரிகைகளையும் 1948இல் விட்டல் மராத்தியில் எழுதிய தன்வரலாற்றையும் துணைக்கொண்டு, பல்வங்கர் குடும்பத்தின் கதையை விரிவாகக் கூறுகின்றது. ஆட்டத்தைச் சமூக வரலாறாக வாசிக்கலாம் என்பதைத் தெற்காசிய வாசகர்க்குக் காட்டிய நூல்களுள் அது தலையாயது. இக்கட்டுரையின் செய்திகளுட் பலவும் அந்நூலால் அறியப்பட்டவையே.

அவ்வாறாயினும் இரண்டு குறைகளைச் சுட்டுதல் பொருந்தும். முதலாவது, கூலி உறவு அவ்வரலாற்றில் முன்னுரையாகவே நின்றுவிடுகின்றது. 3 ரூபாவும் 4 ரூபாவும் கதாநாயகனின் எளிய தொடக்கத்தைக் காட்டும் சான்றுகளாகின்றனவே தவிர, ஆட்டவாழ்வு முழுவதையும் ஊடுருவிய உறவாக விளக்கப்படவில்லை. சாதியும் தேசியமும் முன்னரங்குக்கு வர, உழைப்பு பின்திரைக்குச் செல்கின்றது. கனவானுக்கும் கூலிக்கும் இடையிலான ஆங்கிலப் பிரிவினையைச் சாதிப் பிரிவினையோடு பொருத்தி நோக்கினாலன்றி, பாலூவுக்குப் பந்து தரப்பட்டதும் தலைமை மறுக்கப்பட்டதும் ஒரே காரணத்தால் என்பது புலப்படாது.

இரண்டாவது, பாலூ தாமே பேசும் குரலை நாம் கேட்பதில்லை. தம்பி எழுதினார், பத்திரிகைகள் எழுதின, தலைவர்கள் பாராட்டுரை வழங்கினர். மண்கோப்பையைக் கையில் ஏந்தி வெளியே நின்றவர் என்ன எண்ணினார் என்பதற்குச் சான்றில்லை. இம்மௌனத்தைப் பொறுமை என்றும் பணிவு என்றும் வாசிப்பது எளிது. ஆனால் வேறு வழியற்றவரின் மௌனத்தை நற்பண்பாக மாற்றிப் போற்றுதல் வரலாற்றாசிரியர் விழிப்போடு தவிர்க்கவேண்டிய இடராகும்.

அவருடைய அரசியல் வாழ்வை மதிப்பிடும்போது இவ்விடர் மேலும் மிகுகின்றது. 1932 செப்ரெம்பர் 24இல் கைச்சாத்தான பூனா ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டோருள் பாலூவும் ஒருவர். தமிழகத்தைச் சேர்ந்த எம். சி. இராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் ஏனையோருடன் ஒப்பமிட்டனர். 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு அவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலூ 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒருகாலத்தில் தாழ்த்தப்பட்டோரின் வீரநாயகராக விளங்கியவர், அம்மக்களின் பெருந்தலைவருக்கு எதிராக நின்றது ஏன்? அவரை ஏமாளி என்று தள்ளுவோரும் உளர். அது நீதியன்று. உள்ளே இருந்துகொண்டே வாயிலை அகலத் திறக்கலாம் என்பதை அவருடைய ஆட்டவாழ்வு அவருக்குக் கற்பித்திருந்தது. பந்துவீச்சாளராக நுழைந்து, துணைத்தலைவராகி, தம்பியைத் தலைவராகவும் கண்டவர் அவர். ஆனால் ஒரு குடும்பத்துக்குத் திறந்த வாயில் ஒரு மக்கட்கூட்டத்துக்குத் திறக்குமா என்பதே அம்பேத்கர் எழுப்பிய வினா. அத்தேர்தலில் மோதியவை இரண்டு மனிதர்கள் அல்ல; இவ்விரண்டு அனுபவங்களே எனலாம்.

கடலுக்கு அப்பால்

இந்நிலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டம் 1869இல் சின்சினாற்றி அணியோடு வெளிப்படையான சம்பள ஆட்டமாயிற்று. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1878இல், ஜோன் ஜாக்சன் என்னும் இயற்பெயர் கொண்ட பட் ஃபௌலர் தொழில்முறை அணியொன்றில் ஆடினார். சம்பளத்துக்கு ஆடியவராக அறியப்பட்ட முதற் கறுப்பினத்தவர் அவரே. பந்தெறிபவராகத் தொடங்கிப் பின் இரண்டாம் தளக் காவலராகப் புகழ்பெற்றார். தளத்தை நோக்கிப் பாய்ந்து வரும் வெள்ளை ஆட்டக்காரர் தம் ஆணிச் சப்பாத்தால் அவர் காலைக் கிழிக்க முயல, அவர் முழங்காலுக்குக் கீழே மரத்தகடு கட்டிக்கொண்டு ஆடினார் என்பர். 1887இல் அவருடைய சொந்த அணியினரே அவருடன் ஆட மறுத்தனர். அவ்வாண்டு யூலை மாதம் அந்தச் சர்வதேசச் சங்கம் இனிமேல் கறுப்பினத்தவரை ஒப்பந்தம் செய்வதில்லை எனத் தீர்மானித்தது. நிறச்சுவர் 1947இல் ஜாக்கி றொபின்சன் வரும்வரை பெருஞ்சங்கங்களில் நிலைத்தது. 1913இல் இறந்த ஃபௌலரின் கல்லறைக்கு 1987 வரை பெயர்க்கல் இல்லை. புகழ்மண்டபத்தில் அவர் பெயர் 2022இலேயே இடம்பெற்றது.

இரண்டு வாழ்வுகளையும் ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு புலனாகின்றது. ஃபௌலரின் அணித்தோழர் அவரோடு ஆட மறுத்தனர். பாலூவின் அணித்தோழர் அவரோடு ஆடிவிட்டு அருந்த மறுத்தனர். முன்னது வெளியேற்றும் முறை. பின்னது அரைகுறையாக உள்வாங்கும் முறை. பின்னதே நீண்டநாள் நிலைக்க வல்லது. ஏனெனில் அது தன்னைத் தாராள மனப்பான்மையாகக் காட்டிக்கொள்கின்றது.

நினைவும் அவ்வாறே பங்கிடப்படுகின்றது. இந்தியாவின் தலையாய கிண்ணம் 1934 முதல் இரஞ்சித்சிங்கின் பெயரைத் தாங்குகின்றது. அவர் இங்கிலாந்துக்காக 15 ரெஸ்ற் ஆட்டங்கள் ஆடியவர். இந்தியாவுக்காக ஒன்றும் ஆடாதவர். 1973-74 முதல் தேவதர் பெயரிலும் ஒரு கிண்ணம் ஏற்பட்டது. நாடறிந்த அக்கிண்ணங்களின் வரிசையில் பாலூவின் பெயரைக் காணமுடியவில்லை.

நமது மண்ணில்

1948 மார்ச்சில் பிறட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் எம். சதாசிவம் என்னும் தமிழர். அதே ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. ஒரே ஆண்டில் ஒரு தமிழர் நாட்டின் அணிக்குத் தலைவர். இலட்சக்கணக்கான தமிழர் அந்நாட்டுக்கே உரியரல்லர். தடை மொழியில் மட்டும் இருக்கவில்லை, வர்க்கத்திலும் இருந்தது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

இன்று மலையக இளைஞர் முன் முத்தையா முரளிதரனின் பெயர் எடுத்துக்காட்டாக வைக்கப்படுகின்றது. 2010 யூலையில் 800 விக்கெற்றுகளோடு ரெஸ்ற் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற அவருடைய சாதனை உலகறிந்தது. அவர் பாட்டனார் தோட்ட வேலைக்கு இந்நாட்டுக்கு வந்தவர் என்பதும் உண்மையே. ஆயின் அவர் கண்டியில் தொழிற்சாலை உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானத்தில் வளர்ந்தவர். லயத்திலிருந்து அம்மைதானத்துக்குச் செல்லும் பாதையை அவருடைய குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன்னரே கடந்துவிட்டது. அப்பாதை இல்லாத பிள்ளையிடம் அவர் பெயரைக் கூறி, திறமையிருந்தால் வரலாமே என்பது, கூடையைக் கொடாமல் கொழுந்தை நிறுக்கச் சொல்வதை ஒக்கும்.

சப்பிரகமுவத் தோட்டங்களின் நிலை இதனினும் சிக்கலானது. நுவரெலியாவைப் போலன்றி, இங்குத் தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் நிகழ்ந்த வன்செயல்களால் பல குடும்பங்கள் வடக்கு நோக்கிப் பெயர்ந்தன. 1964 ஒப்பந்தத்தின் வழியே இந்தியாவுக்குச் சென்றோரும் பலர். மனிதர் சிதறும்போது நினைவும் சிதறுகின்றது. எந்த மைதானத்தை எவர் வெட்டினர், துரைமாருக்குப் பந்து பொறுக்கியவர் யார், மாலையில் பால்வெட்டு முடிந்தபின் கபடியும் கரப்பந்தும் ஆடிய அணிகள் எவை, அயற்கிராமத்தாரோடு எல்லே ஆடிய நாட்கள் எத்தகையன என்பவை எழுத்தில் பதியப்படாமலே மறைகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்ததைப் போல, ஆட்டங்களின் நினைவையும் தொகுக்கும் கடமை பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கு உண்டு. முதியோர் வாழும் காலத்திலேயே அது செய்யப்படல் வேண்டும்.

முடிவாக நோக்குமிடத்து, பாலூவின் வாழ்வு ஆடுகளத்தின் சமத்துவத்துக்குச் சான்றன்று. அச்சமத்துவம் எந்தக் கோட்டோடு நின்றுவிடும் என்பதற்கே சான்றாகும். எல்லைக்கோட்டுக்குள் அவர் முழு மனிதர். அதனைத் தாண்டி மண்டபப் படியை அடைந்ததும் மீண்டும் கூலி. அப்படியை அவர் குடும்பத்தார் ஏறியது பாராட்டுரைகளால் அன்று, தம் உழைப்பின் விலையை உணர்ந்து அதனைத் தர மறுத்த துணிவாலேயாம். அவரைப் போற்ற விரும்புவோர் அவருடைய பந்துவீச்சைப் போற்றுவதோடு அமையாது, அவருக்கு முழுப்பேர் போடாத கணக்கேட்டையும் திறந்து வாசித்தல் வேண்டும். அவ்வேட்டின் பக்கங்கள் பூனாவோடு முடிந்துவிடவில்லை.